சம்பந்தியம்மாவுக்கு, பிரேக் விஷயமாக

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் உங்கள் கணவரைக் கொல்லப் பார்க்கவில்லை. இதைத் தெளிவுபடுத்திவிட்டு நலம் விசாரிப்பதுதான் முறை என்று தோன்றியதால் வணக்கத்தைச் சற்றுத் தள்ளி வைத்தேன். இப்போது வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தணிந்து, மாடிப்படி ஏறி இறங்க முடிகிறது என்று நம்புகிறேன்.

தையல்கடையில் நீங்கள் சொன்னதாக என் காதுக்கு வந்தவற்றையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். நான் பிரேக்கில் சமையல் எண்ணெய் ஊற்றவில்லை. கடையில் வாங்கிய நல்ல பிரேக் ஆயிலைத்தான் ஊற்றினேன். வெளியே எடுத்த பழைய ஆயிலைப் பிடித்து வைத்ததுதான் காலி சமையல் எண்ணெய் பாட்டில். அடுத்தது, நான் சிரித்துக்கொண்டே காரை ஓட்டினேன் என்பது. சிரித்தவர் குப்பை லாரி ஓட்டுநர். காரை நான் ஓட்டவே இல்லை. கார் ஓடியபோது நான் அதற்குள் இல்லை. உங்கள் கணவர் மட்டும்தான் இருந்தார், அவரும் ஓட்டவில்லை. இவ்வளவு எளிய விஷயத்தை ஊரார் இத்தனை சிக்கலாக்கியிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

உங்களுக்கு எழுத வேண்டிய அவசியம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் மகன், அதாவது உங்கள் மாப்பிள்ளை, செய்தி கேட்டு ஊரிலிருந்து ஓடி வந்தான். காபிகூடக் குடிக்கவில்லை. காரைச் சுற்றி ஒரு முறை நடந்தான். பிறகு என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, "அம்மா, போதும். இனிமே இந்தக் காரு வேணாம். வாங்கறதுக்கு ஒருத்தர்கிட்ட பேசியிருக்கேன், அடுத்த வாரம் வந்து பாப்பாரு" என்றான். கார் என்னுடையது என்று சொன்னேன். "சரிம்மா, நான் முடிவு பண்ணலை. அத்தை சொல்லட்டும். மாமா உயிரு தானே போகத் தெரிஞ்சுது? அத்தை ஓட்டலாம்னு சொன்னாங்கன்னா ஓட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இருப்பது அந்த ஒரு சாவிதான். மற்றொன்றை என் கணவர் எங்கே வைத்தார் என்பது அவரோடு போய்விட்டது. ஆகவே, சம்பந்தியம்மா, என் கார் இருப்பதும் விற்கப்படுவதும் உங்கள் வாயில் இருக்கிறது. பையனைப் பெற்றவள் பெண்ணைப் பெற்றவளிடம் மனுப் போட்டுக்கொண்டு நிற்பது நம் பக்கத்தில் புதிதுதான். பரவாயில்லை, உலகம் முன்னேறட்டும்.

கார் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கேயாவது போக வேண்டுமென்றால் யாரையாவது கேட்க வேண்டும். அவர்கள் வருவார்கள். பின் இருக்கையில் என்னை உட்கார வைப்பார்கள். பெல்ட்டை மாட்டிவிடுவார்கள். "பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்பார்கள். நான் பார்சல் அல்ல. என் கணவர் போன பிறகு, அழுதுகொண்டிருப்பதற்குப் பதிலாக, அவருடைய கனத்த கறுப்புக் காரை ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் வேலையை விட்டுவிட்டார் என்று சொல்வார்கள். அவர் வேறு காரணத்துக்காக விட்டார்.

இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். காரின் முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. விளக்கப் புத்தகத்தைப் பார்த்தேன், பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று இருந்தது. பேட் என்பது சக்கரத்தில் டிஸ்க் என்கிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற கட்டை, அவ்வளவுதான். காரைச் செய்த கம்பெனியின் பணிமனைக்கே எடுத்துப் போனேன். அது பணிமனை மாதிரி இல்லை. தோல் சோபாவும் குளிரும் வாசனையுமாக இருந்தது. டை கட்டிய ஒரு பையன் வந்து, "மேடம், ரெண்டு டிஸ்க், பேட், சென்சார், ஆயில் எல்லாமே மாத்திரணும் மேடம்" என்றான். "டிஸ்க்குக்கு என்ன கேடு?" என்றேன். "கேடு ஒண்ணும் இல்ல மேடம். கம்பெனி சொல்லுது மேடம்" என்றான். "எதிர்வீட்டுப் பல் மருத்துவர்கூடக் கேடில்லாத பல்லைப் பிடுங்குவதில்லையே" என்றேன். "சூப்பர் மேடம்" என்றான். பிறகு ஒரு தாளை நீட்டினான். அதில் இருந்த தொகையைப் படித்துவிட்டு, "இதோடு புதுக் கார் ஒன்றும் சேர்ந்து வருமா?" என்று கேட்டேன். "ஹா ஹா, மேடம்" என்று வாயால் சொன்னான். சிரிப்பைக்கூட வாயால் சொல்கிறவர்கள் கையில் என் காரை விட எனக்கு மனம் வரவில்லை. இது கஞ்சத்தனம் அல்ல. கான்வென்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், அறுந்தது பொத்தானென்றால் பொத்தானைத் தை, சட்டையை மாற்றாதே என்பார். அவர் மிக நல்ல துணிகளை உடுத்தியவர்களுக்குத்தான் அதைச் சொன்னார்.

பெரிய காரென்றால் பெரிய வித்தை என்று நினைக்கிறோம். உள்ளே பார்த்தால் எல்லாம் நட்டும் போல்ட்டும்தான். டேப்லெட்டில் தாடி வைத்த ஒருவர் இதே காரில் பேட் மாற்றுவதைப் படமாகக் காட்டுகிறார். "ரொம்ப ஈஸிங்க, வீட்ல இருக்கிற சாமானே போதும்" என்கிறார். அவர் நகத்தில் அழுக்கு இருந்தது, எனவே நம்பினேன். குறிப்பு எடுத்துக்கொண்டு மறுபடி மறுபடி பார்த்தேன். உதிரிப்பாகக் கடையில் பேட் வாங்கினேன். என் குள்ள உருவத்தையும் வெள்ளைச் சேலையையும் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "மெக்கானிக்க அனுப்புங்கம்மா" என்றார். "வந்திருக்கிறாள்" என்றேன். காரைத் தாங்கி நிற்கிற இரும்புத் தாங்கியை மட்டும் நல்லதாக வாங்கினேன், அதில் சிக்கனம் பார்ப்பவர்கள் காருக்கு அடியில் தூங்கிவிடுவார்கள் என்று தாடிக்காரர் எச்சரித்திருந்தார். மற்றதெல்லாம் வீட்டிலிருந்தே. இறுக்கிப் பிடிக்க மரவேலைக் கிளாம்ப் என் கணவரின் பெட்டியில் இருந்தது. ஆயிலை இறக்க மீன் தொட்டிக்குப் போடுகிற, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய். சக்கரம் உருளாமல் இருக்கத் தடை வைக்க வேண்டும் என்றார் தாடிக்காரர், அதற்கு என் கணவரின் சட்டப் புத்தகங்களில் தடித்த இரண்டை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் கொடுத்தேன். முப்பது வருடம் வக்கீல் தொழில் செய்தவர், அந்தப் புத்தகங்கள் எதையும் இப்படித் தடுத்து நிறுத்தி நான் பார்த்ததில்லை.

பேட் மாற்றும் வேலை, பெருமைக்காகச் சொல்லவில்லை, கச்சிதமாக முடிந்தது. ஜாக்கி வைத்தேன், தாங்கியை நிறுத்தினேன், நட்டு கழற்றினேன். ஒரு நட்டு மட்டும் வர மறுத்தது. ஸ்பேனரின் மேல் ஏறி நின்றேன், வந்தது. பழைய பேட் அப்பளம் மாதிரி தேய்ந்திருந்தது. புதியதைப் போட்டு, எல்லாவற்றையும் துடைத்து, இறுக்கி, அடுத்த சக்கரத்துக்குப் போனேன். எதிர்வீட்டுப் பல் மருத்துவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எதாவது உதவி வேணுமா?" என்றார். "உங்களிடம் நீளமான இடுக்கி இருக்கிறதா?" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மிச்சம் இருந்தது பழைய ஆயிலை மாற்றிக் குழாயிலிருந்து ஏர், அதாவது காற்று, எடுப்பது மட்டும்தான். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பிரேக் பெடலை அழுத்த வேண்டும், மற்றவர் சக்கரத்துப் பக்கம் குந்தி ஒரு சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். அழுத்துகிறபோது காற்று குமிழி குமிழியாக வெளியேறும். குமிழி நின்றால் வேலை முடிந்தது. பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் காற்று இருக்கிறது, கெட்டியாக இருந்தால் காற்று போய்விட்டது. யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கணவர், கையில் ஆரஞ்சுப் பையும் கைத்தடியுமாக, என்னை நலம் விசாரிக்க வந்தார். நான் அவரை அழைக்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. இதைக் கவனத்தில் கொள்ளவும்.

"சம்பந்தி, உங்களுக்கு ஐந்து நிமிடம் இருக்குமா?" என்று கேட்டேன்.

"என்ன சம்பந்தியம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? அம்பது நிமிஷம் வேணும்னாலும் இருக்கு" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு" என்று காரைச் சுற்றிப் போய், ஓட்டுகிற இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அந்தப் பக்கம் உட்கார வேண்டும், சம்பந்தி."

"அது எங்க சம்பந்தி, உங்க வீட்டுக்காரர், உக்காந்த இடம். இப்ப நீங்க உக்கார்ற இடம். அதுல போய் நான் உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"அங்கிருந்து பெடலுக்குக் கால் எட்டாதே."

"கால் எதுக்கு சம்பந்தியம்மா? தடி இருக்கே."

அவருடைய மரியாதையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகளின் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் "இல்லை" என்ற சொல்லைச் சொன்னதே கிடையாது. பையனைப் பெற்றவள் என்ற காரணத்துக்காக நான் காரம் கூட வைத்துவிட்ட சாம்பாரைக் கூடப் "பிரமாதம்" என்று சொல்லிக் கண்ணீரோடு சாப்பிட்டவர். அப்படிப்பட்டவரைக் கையைப் பிடித்து இருக்கை மாற்றி உட்கார வைக்க என்னால் முடியவில்லை. தடியால் அழுத்தினாலும் அழுத்தம் அழுத்தம்தானே என்று நினைத்துக்கொண்டு, நான் முன்சக்கரத்துப் பக்கம் போய்க் குந்தினேன். அங்கிருந்து எனக்கு அவர் தெரிய மாட்டார். குரல் மட்டும்தான் கேட்கும்.

"அழுத்துங்கள், சம்பந்தி."

"அழுத்திட்டேன் சம்பந்தியம்மா."

"நான் சொல்லி முடிப்பதற்குள் எப்படி அழுத்தினீர்கள்?"

"நீங்க காத்துட்டு இருக்கக் கூடாதுன்னு முன்னாடியே அழுத்திட்டேன்."

"முதலில் நான் சொல்ல வேண்டும், பிறகு நீங்கள் அழுத்த வேண்டும், பிறகு நீங்கள் சொல்ல வேண்டும்."

"அப்படியே ஆகட்டும். விட்டுட்டு மறுபடி அழுத்தட்டுமா, இல்ல அழுத்தினதையே திரும்பச் சொல்லட்டுமா?"

இப்படி ஒரு ஒழுங்குக்கு வந்து சேர்ந்தோம். ஒவ்வொரு முறையும் நான் கேட்டேன். அவர் அவசரத்தில் "ஆங்" என்றார். எங்கள் கான்வென்டில் "ஆங்" என்று பதில் சொன்னால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். எனவே, "பெடல் எப்படி இருக்கிறது? முழு வாக்கியத்தில் சொல்லுங்கள்" என்றேன். காருக்குள்ளிருந்து, சாட்சி சொல்கிறவர் குரலில், "பெடல் பாறை மாதிரி கெட்டியாக இருக்கிறது, சம்பந்தியம்மா" என்று வந்தது. முழு வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தன. அதைச் சந்தேகப்பட எனக்கு என்ன முகாந்திரம் இருக்கிறது? பாட்டிலைப் பார்த்தேன். ஒரு குமிழியும் இல்லை. குமிழி வருவது நின்றால் காற்று இல்லை என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். எனக்கோ குமிழி வரவே ஆரம்பிக்கவில்லை. நான் எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவரிடம்கூடச் சொன்னேன். "நீங்க செஞ்சா வேற எப்படி இருக்கும்?" என்றார்.

எல்லாம் முடிந்தது. சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, கையைத் துடைத்தேன். இனி இன்ஜினைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான். அதற்கு முன், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்துவிட வேண்டும் என்பது என் வழக்கம். ஸ்பேனரைப் பெட்டியில் வைத்தேன். ஜாக்கியை மடித்தேன். என் கணவரின் சட்டப் புத்தகங்களைத் தூசி தட்டி அலமாரியில் வைக்கலாம் என்று இரண்டையும் பின்சக்கரத்துக்கு அடியிலிருந்து உருவிக் கையில் எடுத்தேன்.

எங்கள் தெருவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கிண்ணம் மாதிரி இருக்கும். எங்கள் வாசல் ஒரு விளிம்பு, எதிரே பல் மருத்துவர் வாசல் இன்னொரு விளிம்பு, நடுவில் தெரு பள்ளம். கியர் நியூட்ரலில் இருந்தது, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பதற்காக நான்தான் போட்டிருந்தேன். கைபிரேக் கொஞ்ச நாளாகவே பிடிப்பதில்லை. அது அடுத்த வாரத்து வேலை. எனவே கார் புறப்பட்டது. பதற்றமில்லாமல், வரவேற்பறையிலிருந்து விடைபெற்றுப் போகிற விருந்தாளி மாதிரி, மெதுவாகப் பின்பக்கமாக நகர்ந்தது. நான் ஓடினேன் என்று யாரோ சொன்னார்களாம். ஓடவில்லை. இந்த வயதில் ஓடுவது அழகல்ல. கையில் புத்தகங்களோடு கொஞ்சம் விரைவாகப் பக்கத்தில் நடந்தேன்.

"சம்பந்தி, வண்டி நகர்கிறது."

"நானும் கவனிச்சேன் சம்பந்தியம்மா. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன்."

"பிரேக்கை அழுத்துங்கள்."

"அழுத்திட்டுத்தான் இருக்கேன்!"

"பெடல் எப்படி இருக்கிறது?"

"பாறை மாதிரி கெட்டியாக இருக்கிறது!"

அந்த நேரத்திலும் முழு வாக்கியம். அவரை நான் மதிப்பது இதனால்தான். கார் தெருவைக் குறுக்கே கடந்து, எதிர்வீட்டு வாசல் மேட்டில் ஏறி, ஒரு பூந்தொட்டியைச் சாய்த்து, பல் மருத்துவர் பெயர்ப்பலகையை லேசாக முட்டி, அங்கே நின்று சற்று யோசித்தது. பிறகு திரும்பி எங்கள் வாசலுக்கு வந்தது. வாசல் வரை வராமல் மறுபடி எதிர்வீட்டுக்குப் போனது. ஊஞ்சல் மாதிரி. ஒவ்வொரு முறை என்னைக் கடக்கும்போதும் உங்கள் கணவர் ஜன்னல் வழியாக எனக்குக் கும்பிடு போட்டார். தடியை மட்டும் விடவில்லை. இதற்குள் குப்பை லாரி ஒன்று வந்து, கார் நகர்கிற வழியில் போக முடியாமல் நின்றுவிட்டது.

"அம்மா, வண்டிய நிறுத்துங்கம்மா!" என்று ஓட்டுநர் கத்தினார்.

"நான் ஓட்டவில்லையே. பார்த்தால் தெரியவில்லையா?"

"அப்ப யாரு ஓட்றது?"

"யாரும் ஓட்டவில்லை."

"உள்ளே ஒரு பெரியவரு உக்காந்திருக்காரே!"

"அவர் விருந்தாளி" என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்தார். நான் இல்லை. பிறகு ஹாரனை ஒரு நீள அடி அடித்தார். உள்ளே பல் பிடுங்கிக்கொண்டிருந்த மருத்துவர் இடுக்கியோடு ஓடி வந்தார். பின்னாலேயே வாயைத் திறந்தபடி நோயாளியும் வந்தார். ஹாரன் சத்தத்தில் பல் தானாகக் கழன்றுவிட்டதாம், வலியே தெரியவில்லை என்று எனக்கு நன்றி சொன்னார். மருத்துவர் தன் பெயர்ப்பலகையைத் தடவிப் பார்த்தார். கார் கடைசியில் தெரு நடுவே பள்ளத்தில் வந்து, மூச்சு வாங்கி, நின்றது. ஒரு தொட்டி, ஒரு பலகை. தொட்டியை மறுநாளே புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டேன். பலகையை நானே நேராக மாட்டினேன், முன்பு அது கோணலாகத்தான் இருந்தது.

இனிச் சொல்லப் போவதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கார் நின்றதும் கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். சம்பந்தியின் தடி பிரேக் பெடலில் இல்லை. அதற்குப் பக்கத்தில், சும்மா இருக்கிற காலை வைப்பதற்கென்று ஒரு கட்டை இருக்கிறது. அசையாதது. தரையோடு சேர்ந்தது. அதைத்தான் அவர் அவ்வளவு நேரமும், முதலிலிருந்து கடைசி வரைக்கும், உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார். பாறை மாதிரி இருந்தது என்றது பொய்யே இல்லை. குமிழி வராததும் அதனால்தான், யாரும் பெடலைத் தொடாதபோது குமிழி எங்கிருந்து வரும்? புதுப் பேட் போட்டால் பெடலைச் சிலமுறை மிதித்து அதை இடத்தில் உட்கார வைக்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை. ஆகவே பிரேக் என்பதே அன்று காரில் இல்லை. ஆனால் என் வேலையில் பிழை இல்லை.

கூட்டம் சுற்றி நின்றது. "என்னம்மா ஆச்சு?" என்று எல்லாரும் கேட்டார்கள். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பையனைப் பெற்றவள், பெண்ணைப் பெற்றவரைப் பார்த்துத் தெருவில் வைத்து, "இவர் கட்டைக்கும் பெடலுக்கும் வித்தியாசம் தெரியாமல் அழுத்தினார்" என்று சொன்னால் அது எங்கே போய் முடியும்? நாளைக்கு உங்கள் மகள் காதுக்கு அது "மாமியார் என் அப்பாவை முட்டாள்னு சொன்னாங்க" என்று போய்ச் சேரும். எனவே, "குழாயில் காற்று இருந்திருக்கிறது, என் கவனக்குறைவு" என்று சொன்னேன். அப்படிச் சொன்னதால்தான் என் மகன் சாவியை வாங்கிக்கொண்டான். அப்படிச் சொன்னதால்தான் தையல்கடையில் நான் கொலைகாரி ஆனேன். நான் குறையாகச் சொல்லவில்லை. சம்பந்தியிடம் மட்டும் இதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவர் மனம் ஒடிந்துபோவார். தெரியாமலே இருக்கட்டும்.

இப்போது என் வேண்டுகோள். சாவியைத் திருப்பித் தாருங்கள். "அம்மா ஓட்டட்டும்" என்று என் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவன் உங்கள் பேச்சைத் தட்ட மாட்டான். அன்று கூட்டத்தார் தள்ளி எங்கள் வாசலில் சேர்த்து, புத்தகங்களை முட்டுக் கொடுத்து நிறுத்திய கார், அந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. இனி நானாக ஒரு நட்டைக்கூடத் தொட மாட்டேன், காரைப் பணிமனைக்கு அனுப்பி, அந்த "ஹா ஹா மேடம்" பையனிடமே ஒப்படைத்துவிடுகிறேன். சம்பந்தியையும் இனி என் காருக்குப் பக்கத்தில் விடமாட்டேன். இது என் வாக்கு.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். சனிக்கிழமை தோறும் உங்கள் மேட்டுத் தெருவில் காரை நிறுத்தி நான் ஹாரன் அடிப்பதும், நீங்கள் முழங்கால் வலியை வீட்டிலேயே வைத்துவிட்டுத் துள்ளி இறங்கி வருவதும் நம் இருவருக்கும் தெரியும். நம் பிள்ளைகளிடம் நாம் சொல்லியிருப்பது கண் ஆஸ்பத்திரி என்று. கடற்கரைச் சாலையில் ஜன்னலை இறக்கிவிட்டு, தலைமுடி பறக்க, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்களேன், யாரு பாக்கப் போறா" என்று சொல்கிறவர் யார் என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லப் போவதும் இல்லை. கார் போய்விட்டால் கண் ஆஸ்பத்திரியும் போய்விடும், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

உங்கள் மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். பேத்தியின் கையெழுத்தில் கொம்புகள் இடப்பக்கம் சாய்கின்றன, கவனிக்கச் சொல்லவும். சம்பந்தி அவர்களுக்கு என் வணக்கங்கள். எல்லாரும் நீடு வாழ்க.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
சம்பந்தி

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் சில விஷயங்கள் மாறிவிட்டன. காரின் பானெட் மேல் வைத்து எழுதுகிறேன், கையெழுத்துக்கு மன்னிக்கவும். இன்று காலை என் கணவரின் மழைக்கோட்டை வெயிலில் போட்டபோது பையில் இரண்டாவது சாவி இருந்தது. அதே நேரத்தில் சம்பந்தி வந்து நின்றார். உங்களிடம் நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டு வந்தாராம். தரையைப் பார்த்துக்கொண்டு, "சம்பந்தியம்மா, அன்னிக்கு நான் அழுத்தினது பெடல் இல்ல. கட்டை. ரெண்டாவது தடவை அழுத்தும்போதே சந்தேகம் வந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க பழியை உங்க மேல போட்டுக்கிட்டதுலேர்ந்து தூக்கமே இல்ல" என்றார். ஆகவே மேலே நான் அவரிடம் மறைக்கச் சொன்னதை மறைக்க வேண்டாம். நட்டைத் தொட மாட்டேன் என்று எழுதியதையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். காலை முழுக்க ஏர் எடுத்தோம். இந்த முறை அவர் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தார். உட்காரும் முன் காலி இருக்கையைப் பார்த்து, "சம்பந்தி, மன்னிச்சுக்குங்க" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, காலால் மிதித்தார். குமிழி வந்தது பாருங்கள், சோடா மாதிரி வந்தது. வந்து, நின்றது. எங்கள் வாசலுக்குள்ளேயே பலமுறை ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, இதோ உங்கள் மேட்டுத் தெருவில், உங்கள் வாசலுக்கு நேராக வந்து நிற்கிறோம். ஜன்னலைத் திறந்து பார்க்கவும். கார் நின்றுகொண்டிருப்பதைக் கவனிக்கவும். என்னிடம் சாவி இருக்கிறது என்பதற்காக நான் திருட்டுத்தனமாக ஓட்ட மாட்டேன். உங்கள் சம்மதம் வந்த பிறகுதான் இந்தக் கார் என்னுடையது.

நான் கடிதத்தை உங்கள் கதவிடுக்கில் போட இறங்கியபோது, கைபிரேக் இன்னும் சரியில்லை என்று சம்பந்தி ஓட்டுகிற இருக்கைக்கு மாறி உட்கார்ந்து பெடலை மிதித்துக்கொண்டார். கியர் போட்டாயிற்று, இரண்டு புத்தகங்களும் சக்கரத்துக்கு அடியில் இருக்கின்றன, நான் உருவமாட்டேன், காலை எடுக்கலாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன். "அவ என்ன சொல்றான்னு தெரியட்டும் சம்பந்தியம்மா, அதுவரைக்கும் நான் காலை எடுக்க மாட்டேன்" என்கிறார். என்னிடம் அவர் "மாட்டேன்" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, தயவுசெய்து உங்கள் பதிலை எழுத்தில், முழு வாக்கியத்தில் தரவும்.